பின்னறையின் ஓரப்பட்டை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த நேரம் முழுக்கக் கோதை வாய் மூடவில்லை. மலை ஏன் கூடவே வருகிறது, கண்டக்டர் மாமா ஏன் உட்கார மாட்டேன் என்கிறார், புது வீட்டில் ஊஞ்சல் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பதில் சொல்லிச் சொல்லி யோகேஸ்வரிக்குத் தொண்டை வற்றிப்போனது. ஆனாலும் பேசாமல் வா என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அந்தப் பிள்ளை ஓர் "அம்மா" போடும். அந்தச் சொல்லுக்காக அவள் மதுரை வரைக்கும் நின்றுகொண்டே போவாள்.

அவள் பெற்ற பிள்ளை இல்லை. கணவன் சூர்யபிரகாஷின் முதல் மனைவி மாரிச்செல்வி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது கோதை பால்குடி மறக்காத குழந்தை. யோகேஸ்வரி இரண்டாந்தாரமாக வந்தபோது பிள்ளை சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தூக்கி இடுப்பில் வைத்தவள்தான், இன்னும் இறக்கவில்லை. தன் வயிற்றில் ஒன்று தங்கவில்லையே என்றுகூட அவள் பெரிதாக ஏங்கியதில்லை. அவளுக்கு இருந்த பயமெல்லாம் வேறு. யாராவது ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "உன்னப் பெத்தவ இவ இல்ல பாப்பா" என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பயந்தே சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களைத் தட்டிக் கழித்தாள். யாரும் எட்டிப் பார்க்காத தெருவில் வாடகைக்கு வீடு பிடித்துப் பிள்ளையைப் பொத்தி வைத்திருந்தாள்.

ஆனால் சூர்யபிரகாஷ் ராணுவத்தில் இருக்கிறவன், ராஜஸ்தானில் காவல். பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வாடகை எதற்கு என்று அவன் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவள் சம்மதித்தாள். கோதையை ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில் சேர்த்தாயிற்று. வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு, புது டைல்ஸ். வரும் வெள்ளிக்கிழமை அவன் லீவில் வந்ததும் பால் காய்ச்சிக் குடியேற வேண்டியதுதான். ஸ்கர்ட்டிங் என்கிற சுவரடி ஓரப்பட்டை வேலை மட்டும் பாக்கி. அதைப் பார்த்துவிட்டு வரத்தான் அன்றைக்குக் காலையில் கிளம்பினாள்.

வீடு தெருவின் கடைசியில் இருந்தது. ஹால், அடுப்படி, பின்னறை, அதற்கப்புறம் முள் நிறைந்த உடைமரம் மண்டிய காலி மனை. அடுத்த தெருவில் பால்கோவா கிண்டுகிற கொட்டகை ஒன்று உண்டு. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வீடு முழுக்கக் காய்ந்த பாலின் வாசம் அடிக்கும்.

"வீடு நல்லா மணக்குதும்மா," என்றாள் கோதை, வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சி.

உள்ளே டைல்ஸ் நறுக்கும் மிஷின் அலறிக்கொண்டிருந்தது. கொத்தனார் சீனிச்சாமி வன்னியம்பட்டிக்காரர். புருவம் வரைக்கும் வெள்ளைத் தூசி. அவர் மனைவி வெள்ளத்தாய்தான் சித்தாள். இவர் நறுக்கிக் கொடுக்க, அவள் கலவை குழைத்துக் கொடுக்க, இருவரும் பேசாமலே வேலை பார்ப்பார்கள்.

சுவரின் காலடியில் பழைய நாளில் போட்ட கருப்புச் சிமெண்ட் பட்டையைக் கொத்தி எடுத்துவிட்டு, டைல்ஸை நாலு விரல்கடை உயரத்துக்கு நறுக்கி அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டே போனார்கள். தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவினால் சுவர் ஊறாமல் காப்பது அந்தப் பட்டைதான். ஒட்டிய ஒவ்வொரு துண்டையும் சீனிச்சாமி கரண்டியின் மரப்பிடியால் தட்டிப் பார்ப்பார். டக் என்று கேட்டால் உள்ளே கலவை நிறைந்திருக்கிறது. டொம் என்றால் உள்ளே காலி. பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டும். ஹாலில் எல்லாம் டக், டக் என்று ஒழுங்காகப் பதில் சொன்னது.

பின்னறைக்குப் போன யோகேஸ்வரி முகம் சுளித்தாள். மூன்று சுவரிலும் புது டைல்ஸ் பளபளத்தது. பின்சுவரில் மட்டும் நடுவே, ஒரு கதவு அகலத்துக்கு, பழைய கருப்புப் பட்டையை அப்படியே விட்டிருந்தார்கள்.

"இது என்ன அண்ணாச்சி, இத மட்டும் விட்டுட்டீங்க?"

"சார் போன்ல சொன்னாரு தாயி. அந்த எடத்துல மட்டும் கை வைக்காதீயன்னாரு. ஏன்னு நான் கேக்கல."

"அவரு எங்கயோ உக்காந்துகிட்டு என்னத்தையாவது சொல்லுவாரு. வெள்ளிக்கெழம வாரவுக அம்புட்டுப் பேரு கண்ணும் இதுலதான் விழும். எடுத்துட்டுப் புதுசு ஒட்டிருங்க."

வெள்ளத்தாய் கலவைச் சட்டியிலிருந்து தலை நிமிர்ந்தாள். "சாருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருங்கக்கா."

யோகேஸ்வரி போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. டூட்டியில் இருப்பான், சாயங்காலம் பேசினால் ஆயிற்று. காத்திருந்திருக்கலாம். ஆனால் அவள் மனசு அப்படி. மாரிச்செல்வி குடித்தனம் நடத்திய வீடு அது. அவள் காலத்து அடுப்புமேடையை இடித்தாயிற்று, நிறத்தை மாற்றியாயிற்று. அவள் காலத்தது என்று ஒரு துண்டுச் சிமெண்ட்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று யோகேஸ்வரிக்கு ஒரு வீம்பு.

"நான் சொல்லிக்கிடுதேன். எடுங்க."

சீனிச்சாமிக்கும் மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. பழைய பட்டையில் மிஷினை வைத்தார்.

மற்ற இடங்களில் தூசிதான் பறந்தது. இங்கே தீப்பொறி பறந்தது. நிறுத்திவிட்டு உளியால் கொத்திப் பார்த்தார். கருப்புச் சிமெண்டுக்குள் துருப்பிடித்த இரும்புப் பட்டை ஒன்று, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் படுக்கவைத்துப் பூசப்பட்டிருந்தது.

"ஸ்கர்ட்டிங்குள்ள இரும்ப எவன் வச்சான்," என்று முனகியபடி அதை நெம்பி எடுத்து ரப்பிஷ் சாக்கில் போட்டார். வெள்ளத்தாய் சாக்கைத் தெருமுனைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தாள்.

இரும்பு இருந்த இடத்தில் சுவரின் அடிப்பகுதி வெளியே தெரிந்தது. இரண்டு விரிசல்கள் தரையிலிருந்து நேராக மேலே போயின. ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே இரண்டும் மடங்கி ஒன்று சேர்ந்தன. அந்தக் கோடுகளுக்கு நடுவில் இருந்த செங்கல் வேறு, பூச்சு வேறு. அங்கே ஒருகாலத்தில் சுவரை உடைத்து, அவசரமாக அடைத்திருக்கிறார்கள்.

அடியிலிருந்து ஜில்லென்று காற்று வந்தது. அதில் பால் வாசம் இருந்தது. பால்கோவாக் கொட்டகை வாசம் என்றுதான் யோகேஸ்வரி நினைத்தாள். ஆனால் இது காய்ச்சிய பால் இல்லை. லேசாகப் புளித்த பால், கூடவே வசம்பு.

கைக்குழந்தை இருக்கிற வீட்டு வாசம்.

சீனிச்சாமி புது டைல்ஸை ஒட்டிப் பிடியால் தட்டினார்.

டொம்.

பெயர்த்தார். கலவையை அள்ளி அப்பினார். ஒட்டினார். தட்டினார்.

டொம்.

"எம்புட்டுக் கலவடா குடிக்கும் இது," என்றார். மூன்றாவது தடவை சல்லி வைத்து அடைத்து, கையால் அழுத்திப் பிடித்து, சற்றுப் பொறுத்துத் தட்டினார்.

டொம்.

அவர் கையை எடுத்த பிறகு சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. அப்புறம் ஒரு தட்டு.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வெளிய எவனோ வெளையாடுதான்," என்று சீனிச்சாமி எழுந்து காலி மனைக்குச் சுற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கால் முழுக்க முள் கீறியிருந்தது. "அங்கன ஒரு ஆளு நிக்க எடமில்ல தாயி. சுவத்த ஒட்டி முள்ளுதான் கெடக்கு."

அதற்கப்புறம் சத்தம் இல்லை. காலியாகக் கேட்டாலும் பரவாயில்லை, காய்ந்தால் சரியாகிவிடும் என்று மற்றத் துண்டுகளையும் அவர் ஒட்டி முடித்தார். இணைப்புகளில் வெள்ளத்தாய் வெள்ளைச் சிமெண்ட் தடவினாள். உச்சிப்பொழுது ஆனது. கரண்ட் போயிற்று. மிஷின் நின்றதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அவர்கள் இருவரும் ஹாலில் சோற்றுச் சட்டியைப் பிரித்தார்கள்.

யோகேஸ்வரி டிபன் பாக்ஸைத் திறந்து கோதையைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். வாய் ஓயாத பிள்ளையிடமிருந்து சத்தமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பின்னறையில் ஜன்னல் மூடியிருந்தது. அரை இருட்டில் கோதை அந்தச் சுவரை ஒட்டித் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் புது டைல்ஸில் பதிந்திருந்தது. கண் மூடியிருந்தது. ஒரு கை மட்டும் சுவரைப் பற்றிக்கொள்ளப் பார்ப்பதுபோல விரிந்திருந்தது.

வாயோரம் வெள்ளையாக இருந்தது.

சிமெண்டைத் தின்றுவிட்டது என்று நினைத்தாள் யோகேஸ்வரி. பாய்ந்து தூக்கி, முந்தானையால் வாயைத் துடைத்தாள். துணியில் சிமெண்ட் இல்லை. விரலில் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக, பிசுபிசுப்பாக இருந்தது.

பால்.

அவள் காலையில் பிள்ளைக்குக் கொடுத்தது இட்லி. அந்த வீட்டில் ஒரு சொட்டுப் பால் கிடையாது.

"கோதை, என்னடா குடிச்ச? யாரு குடுத்தா?"

கோதை கண்ணைத் திறந்தாள். அவளை நிதானமாகப் பார்த்தாள். தெரிந்த முகத்தைப் பார்க்கிற பார்வை இல்லை அது. விருந்துக்கு வந்தவரைப் பார்க்கிற பார்வை.

"என்னைக் கீழ விடுங்க சித்தி," என்றாள்.

அந்த உறவுச்சொல்லை அந்தப் பிள்ளை இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லித்தர ஆளும் இல்லை. யோகேஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஹாலுக்கு ஓடினாள்.

"ஏட்டி வெள்ளத்தாயி, எம் பிள்ளகிட்ட என்ன சொன்ன? யாரு உனக்குச் சொன்னது?"

வெள்ளத்தாய் சோற்றுக் கையோடு விழித்தாள். "என்னத்தக்கா? எனக்கு உங்க பேருகூடச் சரியாத் தெரியாதேக்கா."

அவள் பொய் சொல்லவில்லை என்று முகமே சொன்னது. அதுதான் யோகேஸ்வரியை இன்னும் பயமுறுத்தியது.

போன் அடித்தது. சூர்யபிரகாஷ்.

அவள் அழுதுகொண்டே சொன்னதில் அவனுக்கு ஒன்று மட்டும்தான் காதில் விழுந்தது. "அந்த எடத்த எடுத்துட்டியா யோகா? இரும்பு எங்க?" என்றான்.

அப்புறம் மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொன்னான். அவளிடம் சொல்லியிருந்தபடி மாரிச்செல்வி செத்தது மதுரை ஆஸ்பத்திரியில் இல்லை. அந்தப் பின்னறையில்தான், அந்தச் சுவரை ஒட்டிப் போட்ட பாயில். ராத்திரி எந்த நேரம் உயிர் போனது என்று யாருக்கும் தெரியாது. விடிந்து போய்ப் பார்த்தபோது அவள் உடம்பு விறைத்துக் கிடந்தது. பிள்ளை மட்டும் அப்போதும் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"செத்தது அடைப்பு நட்சத்திரத்துல. வாசல் வழியாக் கொண்டுபோகக் கூடாதுன்னு பெரியப்பா நின்னு சுவத்த இடிச்சு, அது வழியாத்தான் வெளிய எடுத்தாக. திரும்பி வந்தாலும் போன வழியத்தான் தேடும்பாக. அன்னைக்கே செங்கல் வச்சு அடைச்சு, அடியில இரும்பப் போட்டுப் பூசிட்டாக. நான் வந்து சேந்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. உங்கிட்டச் சொன்னா நீ அந்த வீட்டுல கால வைக்க மாட்டேன்னு..." அவன் முடிக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. அதற்கு நேரமில்லை. "பொறவு பேசுதேன்," என்று வைத்தாள்.

பக்கத்திலேயே நின்ற சீனிச்சாமிக்குப் போனில் வந்ததெல்லாம் காதில் விழுந்தது. சட்டியை மூடிவிட்டுத் தெருமுனைக்கு ஓடினார். குப்பைமேட்டைக் கிளறி இரும்போடு திரும்பி வந்தார். ஒட்டியதையெல்லாம் உடைத்து எடுத்து, இரும்பை அதே இடத்தில் கிடத்தி, கலவையால் மூடி, புது டைல்ஸை மறுபடி ஒட்டினார். யோகேஸ்வரி அறை நடுவில் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். பிள்ளை அவள் பிடியிலிருந்து நழுவப் பார்த்து, சுவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே இருந்தது. பெற்றவளிடம் போகக் கேட்கிற பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறோமே என்று அந்த நேரத்திலும் அவளுக்கு நெஞ்சு அறுத்தது. ஆனாலும் விடவில்லை. இவள் என் பிள்ளை என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சீனிச்சாமி பிடியால் தட்டினார்.

டக்.

அடுத்ததைத் தட்டினார். டக். கடைசி வரைக்கும் டக், டக் என்று கெட்டியாகக் கேட்டது. வாசமும் நின்றிருந்தது. கரண்ட் வந்து, ஹாலில் மிஷின் தானாக உறுமி அடங்கியது. கோதையின் கை தளர்ந்து, தலை யோகேஸ்வரியின் தோளில் சாய்ந்தது. தூங்கிப்போனாள்.

"முடிஞ்சுது தாயி. இனி ஒண்ணுமில்ல. செத்த நேரம் உக்காருங்க," என்றார் அவர்.

சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்த வெள்ளத்தாய் புருஷனிடம் மெல்லக் கேட்டாள். "வார வழிய அடைச்சிட்டோம். வந்தவ வெளிய போன பொறவா அடைச்சோம்?"

"சும்மா கெட ஏட்டி," என்றார் சீனிச்சாமி. யோகேஸ்வரியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு வாசல் வழியாக எல்லாரும் வெளியே வந்தார்கள். இனி அந்த வீட்டில் குடியேறப் போவதில்லை என்று யோகேஸ்வரி அந்தப் படியில் வைத்தே முடிவு செய்துவிட்டாள். சூர்யபிரகாஷ் வரட்டும், விற்றுவிடலாம். பள்ளிக்கூடம் ராஜபாளையத்திலும் இருக்கிறது.

பஸ்ஸில் சாயங்கால வெயில் அடித்தது. மில் ஷிப்டுக்குப் போகிற பெண்கள், ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள், பால்கோவாப் பெட்டியோடு வெளியூர்க்காரர்கள் என்று நெரிசல். அந்தச் சத்தமெல்லாம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மலை மறுபடியும் கூடவே வந்தது.

பாதி வழியில் கோதை கண் விழித்தாள். யோகேஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

கோதை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவள் நெஞ்சில் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள்.

யோகேஸ்வரிக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. போன உயிர் திரும்பி வந்தது. "இன்னொரு தடவ சொல்லுடா."

"அம்மா."

குனிந்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். பிள்ளையின் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

பக்கத்து சீட்டில் கைப்பையோடு இருந்த பெண் அவள் பக்கம் சாய்ந்தாள். நாலு பேருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தணித்துப் பேசினாள்.

"ஏம்மா, பச்சப்பிள்ளய வீட்டுல விட்டுட்டு வந்தியா? பால் கட்டி ரவிக்கையெல்லாம் நனைஞ்சிருச்சு பாரு. சேலைய இழுத்து மூடிக்கோ."

யோகேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

வசம்பு வாசம் பஸ் ஜன்னல் காற்றையும் மீறி மூக்கில் ஏறியது.

கோதை தலையைத் தூக்கி, பின்சீட்டைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள், கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். அப்புறம் அவள் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"அம்மா, சித்தி வரலையா?"

யோகேஸ்வரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் கை மட்டும் பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. அப்புறம் ஒரு தட்டு.

நிறுத்தப் பார்த்தாள். கை நிற்கவில்லை.